காலிக் கட்டங்கள்

என் அண்ணனும் நானும் பேசிக்கொள்வதில்லை. சண்டை மட்டும் போடுகிறோம், அதுவும் எழுத்தில், ஊர் உலகமே பார்க்கிற பக்கத்தில்.

இருவரும் ஒரே மென்பொருளுக்குச் சம்பளமில்லாமல் உழைக்கிறவர்கள். கணக்குப் போடும் அட்டவணை மென்பொருள் அது. காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே இருக்கும் நிரலை யாரும் திருத்தலாம். திருத்தலாம் என்பது பேச்சுக்கு. எண்களை வரைபடமாக்கும் பகுதி அண்ணன் கையில் இருந்தது. அவன் தலையாட்டாமல் அதில் ஒரு கமாகூட நுழையாது. குழுவில் அவனுக்கு நந்தி என்று பெயர். வைத்தவள் நான்தான்.

நான் அனுப்பிய திருத்தம் சின்னது. ஒரு கட்டத்தில் எண் இல்லை என்றால் மென்பொருள் என்ன செய்யும்? முன்னால் இருக்கும் புள்ளியையும் பின்னால் இருக்கும் புள்ளியையும் சேர்த்துக் கோடு இழுத்துவிடும். அளக்காத நாளும் அளந்த நாள் மாதிரியே தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. காலிக் கட்டம் வந்தால் கோடு அறுந்து நிற்கட்டும், சேர்த்து வரைய வேண்டும் என்கிறவன் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்று எழுதினேன்.

‘கோடு அறுந்து தெரிந்தால் மென்பொருள் பழுது என்று நினைப்பார்கள். நிராகரிக்கிறேன்’ என்று பதில் போட்டான். மறுபடி அனுப்பினேன். ‘அழகாக இல்லை’ என்றான். என்மேல் இருக்கும் காய்ச்சலைத் திருத்தத்தின்மேல் காட்டுகிறான் என்று நினைத்தேன். காய்ச்சலுக்குக் காரணம் அப்பா. அவர் என்னோடு வந்து இருக்கட்டும் என்று நான் கேட்டதற்கு, “பையன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப அவரு எதுக்கு உன் வீட்டுக்கு வரணும்?” என்றவன் அவன்; அதோடு அவன் வீட்டுக் கதவும் எனக்கு மூடிக்கொண்டது. குத்துக்கல் என்று அவனே சொன்னதில் எனக்கு மறுப்பில்லை.

அப்பாவுக்குச் சர்க்கரை. கால் கட்டைவிரலில் ஆறாத புண். தினமும் காலையில் அளப்பது அண்ணன் பொறுப்பு. வாரா வாரம் அதை வரைபடமாக்கி டாக்டருக்கும் எனக்கும் அனுப்புவான். அதைப் பார்த்துத்தான் டாக்டர் இன்சுலின் அளவைச் சொல்வார். கோடு இஸ்திரி போட்டது போல இருக்கும். “இந்த அளவே போதும்” என்பார். புண் மட்டும் ஆறவில்லை.

ஒரு தடவை அவசரத்தில் படத்துக்குப் பதில் அட்டவணையையே அனுப்பிவிட்டான். என் திருத்தம் போட்ட மென்பொருளில் திறந்தேன். கோடு துண்டு துண்டாகக் கிடந்தது. பாதிக்கு மேல் காலிக் கட்டங்கள். அத்தனையும் அளக்காத நாட்கள்.

டாக்டரிடம் சொன்னேன். இனி ஒரு நாள்கூட விடக் கூடாது என்று அவர் அண்ணனைக் கடிந்துகொண்டார். எனக்கு அது போதவில்லை. பெயரை எடுத்துவிட்டு, சேர்ந்த கோட்டையும் அறுந்த கோட்டையும் விவாதப் பக்கத்தில் அருகருகே போட்டு, ‘ஒரு நோயாளியின் சர்க்கரை. இதில் எது பழுது?’ என்று கேட்டேன். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் என் பக்கம் சேர்ந்தார்கள். நந்தி தோற்றான். அன்று போனில் வந்தான்.

“குடும்ப மானத்த சந்தி சிரிக்க வச்சிட்ட.”

“பேர் போடலயே.”

“எனக்குத் தெரியுமில்ல.”

“தெரியணும்னுதான் போட்டேன்.”

“ரெண்டு நாள் விட்டா என்ன, குடி முழுகிடுமா? முந்தின நாளும் சரியா இருக்கு, அடுத்த நாளும் சரியா இருக்கு. நடுவுல மட்டும் எகிறிடுமா?”

“அது அளந்தவனுக்குத்தான் தெரியும்.”

“ரொம்ப அக்கறைன்னா நீ வந்து அளந்து பாரு.”

“கதவத் திற, வரேன்.”

போனை வைத்துவிட்டான்.

என் திருத்தத்தோடு புதிய பதிப்பு வெளியானது. அதன் பிறகு அண்ணன் அனுப்பிய வரைபடத்தில் ஓர் இடத்தில்கூடக் கோடு அறுந்திருக்கவில்லை. அடுத்த வாரமும் அப்படித்தான். அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள், அண்ணனுக்கே அடிதான் உதவியிருக்கிறது என்று சிரித்துக்கொண்டேன்.

அவன் வெளியே போயிருந்த நேரம் பார்த்து அப்பாவைக் கூப்பிட்டேன்.

“தினம் குத்திப் பாக்கறானாப்பா?”

“எத வச்சும்மா பாக்கறது? மெஷின்ல சொருகற ஸ்ட்ரிப்பு தீந்து எவ்வளவோ நாளாச்சு. வாங்கறேன் வாங்கறேங்கறான். கால்தான் கொஞ்சம் நாறுது.”

நான் அறுத்த கோட்டை அவன் பொய் எண்களால் தைத்திருந்தான். முன்பு காலிக் கட்டமாவது உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அவன் வீட்டுக்குப் போனபோது வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றான்.

“இப்ப எங்கயாவது அறுந்திருக்கா? நீ கேட்ட மாதிரி முழுசாத்தான அனுப்பறேன்?”

“நகரு.”

நகரவில்லை. அவனைத் தாண்டி உள்ளேயிருந்து அந்த நாற்றம் வந்தது. அப்பாவே சுவரைப் பிடித்து நொண்டியபடி வந்தார். ஒரு செருப்பு காலில் இருந்தது, இன்னொன்று கையில். வீங்கிய காலில் அது நுழையவில்லை. அவருக்கு மட்டும் வழிவிட்டான்.

ஆஸ்பத்திரிக்கு அவனும் பின்னாலேயே வந்தான். அங்கிருந்த டாக்டர் வீட்டில் அளந்த கணக்கைக் கேட்டதும் போனை நீட்டினான். வழவழவென்று ஒரு கோடு.

“அதப் பாக்காதீங்க டாக்டர். எல்லாம் இவன் உக்காந்து எழுதினது” என்றேன்.

நிராகரிக்கிறேன் என்பான் என்று காத்திருந்தேன். நீட்டிய போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். நர்ஸ் அப்பாவின் விரலில் குத்தினாள். சர்க்கரை தான் அளக்கக்கூடிய எல்லையைத் தாண்டிவிட்டது என்று மட்டும் காட்டிய மெஷின் எண்ணைச் சொல்ல மறுத்தது.

அறுவை முடிந்து அப்பாவை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். இடது காலில் கட்டு. கட்டைவிரல் இருந்த பக்கம் மட்டும் தட்டையாக இருந்தது. அண்ணன் அந்த வாசலிலும் நின்றுகொண்டிருந்தான்.

“நகரு” என்றேன்.

நந்தி விலகினான். அவன் விலகுவதற்கு அப்பாவின் விரல் போகவேண்டியிருந்தது.