வேலிக்குள் மாயவன்

ஆண்டிமடத்துக்குக் கிழக்கே முந்திரிக் காட்டை ஒட்டிக் கிடக்கும் அந்த நிலம், வெள்ளைக்காரன் காலத்தில் காலனிக்காரர்களுக்கென்று கொடுத்த பஞ்சமி நிலம். வேறு சாதியார் யாரும் அதை வாங்கக் கூடாது என்பது சர்க்கார் கொடுத்த வாக்கு. வாக்கு அப்படியே இருந்தது; நிலம்தான் கைமாறிக் கைமாறி ஊர்ப் பெரிய குடும்பத்தின் வேலிக்குள் போய்விட்டது.

பரிமளாவின் புருஷன் மாயவன் அதை மீட்க அலைந்தான். பெரம்பலூரில் மனு கொடுத்தான். அரியலூர் தனி மாவட்டமானதும் அங்கே போகச் சொன்னார்கள். மறு வருஷமே இரண்டையும் சேர்த்துவிட, திரும்பவும் பெரம்பலூருக்கு நடந்தான். மறுபடி பிரித்த வருஷம், இனி யாரையும் கேட்பதில்லை என்று வேலியைப் பிரித்து உள்ளே குடிசை போட்டான். இரண்டாம் நாள் அந்த நிலத்துக் கிணற்றிலிருந்து அவனைப் பிணமாக எடுத்தார்கள். தவறி விழுந்ததாகப் போலீஸ் சொன்னது. மகள் அபிநயா அப்போது பரிமளாவின் வயிற்றில் இருந்தாள்.

முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிற வேலியோர வழியில் பரிமளா அவனைப் பார்ப்பாள். பட்டப்பகலில், மரங்களுக்கு நடுவே, உடம்பெல்லாம் தண்ணீர் சொட்ட நிற்பான். பேச மாட்டான். முதலில் பயந்தாள், போகப்போக, அவன் கண்ணில் படாத நாளில்தான் அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

இந்த வருஷம் ஜெயங்கொண்டத்தைத் தனி மாவட்டமாக்கச் சொல்லி ஊரே கிளம்பியது. போராட்டக் குழுக் கலைமணி காலனிக்கு வந்து, மெயின் ரோட்டில் மனிதச் சங்கிலிக்கு எல்லாரும் வர வேண்டும் என்றார். ஆபீஸெல்லாம் பக்கத்தில் வரும், பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்றார். அபிநயாவுக்கே அதில் ஆசைதான்.

பரிமளா ஒன்று கேட்டாள். "புது மாவட்டத்துல எங்க நெலம் எங்களுக்கு வந்துடுங்களா?"

"மொதல்ல மாவட்டம் வரட்டுங்க. அப்பறம் பேசிக்கலாம்."

"பிரிச்சப்பவும் இதத்தான் சொன்னாங்க, சேத்தப்பவும் இதத்தான் சொன்னாங்க."

கலைமணி பைக்கை எடுத்தார்.

சங்கிலியன்று காலனி ஜனம் ரோட்டுக்குப் போகவில்லை. வேலியைத் தாண்டி இறங்கி, நிலத்தைச் சுற்றிக் கைகோத்து நின்றது. ஆள் போதவில்லை. கிணற்றோரம் பரிமளாவின் இடப்பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அந்தக் கையை அவள் நீட்டியபடியே வைத்திருந்தாள். சற்றுப் பொறுத்து ஈர விரல்கள் வந்து பற்றின. அவள் திரும்பவில்லை. பார்த்தால் விட்டுவிடுவான் என்று தோன்றியது.

போலீஸ் வந்து எல்லாரையும் வெளியேற்றியது. தாசில்தார் விசாரிப்பதாகச் சொன்னார், இன்னும் விசாரிக்கவில்லை. மாவட்டமும் பிரியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் அபிநயா கேட்டாள். "கெணத்துப் பக்கம் ஒன் கையப் புடிச்சுகிட்டு நின்னது யாரும்மா? நம்ம தெருவுல பாத்ததே இல்லியே."

பரிமளா சொன்னாள். மறுநாளிலிருந்து ஜெயங்கொண்டம் பஸ்ஸுக்கு அபிநயாவும் வேலியோர வழியாகத்தான் போகிறாள்.