எட்டு மணிக்குக் கடைசி பாகம்

மூன்றாவது முறையாகச் சாண்ட்விச் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்தாள் எட்னா. யாராவது ஒருவர் போதும் என்று எழுந்தால் மற்றவர்களும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள் என்பது அவள் கணக்கு. அவர்களோ ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார்கள்.

மத்தியானம்தான் அவள் கணவர் வால்டரை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார்கள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வாழ்நாளில் எதற்கும் அவசரப்படாத மனிதர்; அதைப் பற்றிப் பயணிகள் புகார் எழுதிப் போட்டதும் உண்டு. வெளியூர் உறவுக்காரர்கள் எல்லாம் இருட்டுவதற்கு முன்பே பஸ் பிடித்துப் போய்விட்டார்கள். மிச்சம் மூன்று பேர்: வால்டரின் அக்கா வின்னி, பக்கத்து வீட்டு மிஸ்டர் பார்க்கின், பாதிரியார். துக்க வீட்டில் ஒரு பெண்ணைத் தனியே விட்டுப் போவது மரியாதை இல்லை என்று அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர்களைப் போங்கள் என்று சொல்வது மரியாதை இல்லை என்று அவள் தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். லிங்கன்ஷயர் பக்கத்து ஆங்கிலேயர்கள் மரியாதையில் மாட்டிக்கொண்டால் அவ்வளவு சீக்கிரம் வெளியே வரமுடியாது.

எட்டு மணிக்கு டெலிவிஷனில் பேய்க்கதையின் கடைசி பாகம். கிறிஸ்துமஸ் என்றால் வான்கோழியும் வேண்டும், பேய்க்கதையும் வேண்டும். இந்த வருடம் அதை மூன்று வியாழக்கிழமைகளுக்கு இழுத்திருந்தார்கள். இன்றைக்கு விட்டால் விட்டதுதான். திரும்பப் போடமாட்டார்கள்.

அந்தப் பெட்டியின் மேல்தான் வின்னி கறுப்புத் துணியைப் போர்த்தி, ஷெர்ரி ஒயின் கிளாஸ்களை அடுக்கி வைத்திருந்தாள்.

"அந்தப் பாழாப்போன பேய்க்கதைதான் என் தம்பியக் கொன்னுது," என்றாள் வின்னி, இன்றைக்கு எத்தனையாவது தடவையோ. "மனுஷன் இதயம் தாங்குமா?"

"பயத்துல செத்திருக்க வாய்ப்பில்லைங்க," என்றார் பார்க்கின். "அதுல என்ன இருக்கு பயப்பட? எங்க வீட்டு ஆமை அதவிட வேகமா நடக்கும்."

"நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார் பாதிரியார், கொஞ்சம் ஆவலாக.

"இல்ல ஃபாதர். சொல்லிக் கேள்வி."

பார்க்கின் கோட்டைக் கழற்றாமலேதான் உட்கார்ந்திருந்தார். எட்னாவுக்கு நம்பிக்கை வந்தது.

"கிளம்பறதுன்னா கிளம்புங்க மிஸ்டர் பார்க்கின். வீட்டுல வேலை இருக்கும்."

"ஒரு வேலையும் இல்லைங்க," என்றார் அவர், கடிகாரத்தைப் பார்த்தபடி. "உங்கள விட்டுட்டு எப்படிப் போறது."

எட்னா காலித் தட்டோடு சமையலறைக்குப் போனாள். வின்னி பின்னாலேயே வந்து துடைக்கும் துணியை எடுத்தாள்.

"நீ அழுதுரு எட்னா. காலையிலிருந்து பாக்கறேன், ஒரு சொட்டு இல்ல."

"எனக்கு அழுகை வரல வின்னி. எனக்கு அந்தக் கதை பாக்கணும்."

வின்னியின் கை நின்றது.

"போன வாரம் பாதியில டீ போட வந்தேன்," என்றாள் எட்னா, தொட்டியிலிருந்த தண்ணீரைப் பார்த்தபடி. "திரும்பப் போய், 'இன்னுமா அந்தக் கதவத் திறக்கல'ன்னு கேட்டேன். 'பொறு, வரும்'னார். அதுக்கப்புறம் நான் மட்டும்தான் பேசினேன். முடியற வரைக்கும். விளக்க ஏத்தவே கால் மணி நேரமா, எழுதினவனுக்குத் தூக்கமான்னு ஒரே குறை. அவர் பதில் சொல்லலையா, சரி, கோவிச்சுட்டார்னு நானும் முகத்தைத் திருப்பிக்கிட்டேன். செத்த மனுஷன்கிட்ட சண்டை போட்டுட்டிருந்தேன் வின்னி."

கூடத்தில் பாதிரியார் இருமுவது கேட்டது.

"வரும்னு காத்திருந்தார். அது வருதான்னாவது நான் பாத்துச் சொல்ல வேணாமா?"

வின்னி ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள். எட்னா திட்டு வாங்கத் தயாரானாள்.

"அது அந்தக் கதவு இல்ல," என்றாள் வின்னி கடைசியாக. "கீழ்க்கதவு முதல் வாரமே திறந்தாச்சு. அவன் பாத்துட்டிருந்தது மாடிக் கதவு."

எட்னா திரும்பிப் பார்த்தாள். வின்னியின் காது சிவந்திருந்தது.

"ஸ்வெட்டர் பின்னறப்ப வீட்டுல பெட்டி சும்மா ஓடிட்டிருந்துச்சு," என்றாள் வின்னி, தட்டை வைத்துவிட்டு விறுவிறுவென்று கூடத்துக்கு நடந்தாள்.

ஷெர்ரி கிளாஸ்கள் தரைக்கு வந்தன. கறுப்புத் துணி உருவப்பட்டது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பாதிரியார் கோப்பையை வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"நான் ரெண்டு பாகமும் பாத்தேன்," என்றார் பாவமன்னிப்பு கேட்கும் குரலில். "அடக்கத்தை வியாழக்கிழமை வெச்சப்பவே மனசு கேக்கல."

"நான் வீட்டுல பெட்டிய ஓடவிட்டுட்டே வந்துட்டேன்," என்றார் பார்க்கின். "படம் தெரியற அளவுக்குப் பெட்டி சூடாக நேரம் ஆகும் பாருங்க."

வால்டரின் நாற்காலி ஒன்றுதான் காலியாக இருந்தது. எட்னா அதில் உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் முதல் தடவை. வால்டர் ஏன் அதை விட்டு எழுந்ததே இல்லை என்று உடனே புரிந்தது.

கதையில், பழைய வீட்டில் தனியாக இருந்த மனிதர் ஒருவர் மாடிக்கு ஏறினார். ஏறினார் என்றால், ஏறிக்கொண்டே இருந்தார்.

"படி இன்னும் எத்தனை இருக்கும்?" என்றார் பார்க்கின்.

"உஷ்," என்றாள் வின்னி.

"என் பிரசங்கமே பரவாயில்லன்னு இப்பத் தோணுது," என்றார் பாதிரியார்.

எட்னாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். கண் திரையை விட்டு அகலவில்லை. மாடியில் அந்த மனிதர் கதவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். காற்று அடித்தது. வெகு நேரம் கழித்துக் கதவு தானாகத் திறந்தது. வாசலில் இருட்டுதான் இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்னா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு எழுத்துகள் ஓட ஆரம்பித்தன.

"அவ்வளவுதானா?" என்றார் பார்க்கின். "மூணு வாரம். மூணு வாரம் உக்காந்ததுக்கு ஒரு இருட்டு."

"ஒண்ணுமே வரல," என்றாள் வின்னி. "டெலிவிஷன் லைசென்சுக்குக் கட்டற காசு இப்படித்தான் போகுது. நாளைக்கே எழுதிப் போடப் போறேன்."

"சூழ்நிலை நல்லா இருந்தது," என்றார் பாதிரியார். "ஆனா பேய்னு ஒண்ணு வந்திருக்கலாம்."

"வந்துது," என்றாள் எட்னா.

மூன்று பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"எங்க வந்துது?" என்றாள் வின்னி. "நான் கண் கொட்டாம பாத்துட்டிருந்தேன்."

"பொறுமையாப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

உண்மையில் அவளும் எதையும் பார்க்கவில்லை. போன வாரம் வரைக்கும் பார்க்கினைவிட அதிகமாகக் கத்தியிருப்பாள். ஆனால் அந்த நாற்காலியின் தரப்பில் பேச ஒரு ஆள் வேண்டாமா? வால்டர் இதைத்தான் சொல்லியிருப்பார். சொல்லிவிட்டு விளக்கமும் தந்திருக்கமாட்டார். எழுந்துவிட்டாள்.

"டீ போடறேன்," என்றாள்.

"வலது பக்கமா, இடது பக்கமா, அத மட்டும் சொல்லு," என்று பின்னாலிருந்து வின்னி கேட்டாள். வலது பக்கத்தில் ஏதோ அசைந்த மாதிரி தனக்கும் இருந்தது என்றார் பாதிரியார். அது திரைச்சீலை என்றார் பார்க்கின். திரைச்சீலை இரண்டாம் பாகத்திலேயே எரிந்துபோய்விட்டது என்று வின்னி அடித்துப் பேசினாள். பார்க்கின் எப்போதோ கோட்டைக் கழற்றிப் போட்டிருந்தார்.

எட்னா கெட்டிலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் ஏற்றினாள். கூடத்துச் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து, தண்ணீர் மெதுவாகவே கொதிக்கட்டும் என்று தீயைக் குறைத்து வைத்தாள்.