உணர்ச்சிச் சக்கரம்

ராய்ஸ் ஹாக்லண்டுக்கு எழுதத் தெரியாமல் இல்லை. நில அளவையில் பட்டம் வாங்கியவன். எட்டு வருடம் அளந்ததை எழுதியே பிழைத்தவன். ஆனால் சமுதாயக் கல்லூரியில் சமூகப்பணி படிக்கச் சேர்ந்த இரண்டாவது வாரமே ஒரு தாள் அவனை மடக்கிவிட்டது.

தாளில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டுப் பிரித்த மூன்று பத்திகள். வகுப்புத் தோழர் ஒருவரை எடுத்த பேட்டியில் யார் என்ன சொன்னார்கள் என்பதை முதல் பத்தியில் வரிக்கு வரி எழுத வேண்டும். அந்த வரியைக் கேட்டபோது பேட்டி எடுத்தவருக்குள் என்ன நடந்தது என்பது இரண்டாவதில். மூன்றாவது ஆசிரியைக்கு. முதல் பத்தியை நாற்பது நிமிடத்தில் முடித்தான். இரண்டாவதின் முன்னால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தான்.

அவனுக்குள் ஒன்றும் நடக்கவில்லை. மனைவி மாரிட் இறந்து பதினோரு மாதம். அடக்கத்தன்றும் ஒன்றும் நடக்கவில்லை. அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொண்டுவந்த பாத்திரங்களைக் கழுவி, அடியில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்து, அவரவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தான். "கல்லு மாதிரி நிக்கிறான்" என்று மாமியார் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை.

மாரிட்டின் கடைசி மாதங்களில் ஒரு சமூகப்பணியாளர் வந்துபோனார். படிவங்களை நிரப்பினார், மருத்துவமனைக் கட்டில் வரவழைத்தார், கேட்டதற்கு மழுப்பாமல் பதில் சொன்னார். இந்த வேலை தனக்கும் வரும் என்று ராய்ஸுக்கு அப்போது தோன்றியது. வராது என்று இப்போது இந்தப் பத்தி சொன்னது. வெள்ளிக்கிழமைக்குள் விலகிக்கொண்டால் சேர்ந்ததற்கே தடயம் இருக்காது.

கடைசியில், வகுப்பில் கொடுத்திருந்த உணர்ச்சிச் சக்கரத்தை எடுத்தான். வட்டத்துக்குள் வட்டமாக, வண்ண வண்ணமாக, எழுபத்திரண்டு உணர்ச்சிகள். தன் உணர்ச்சிக்குப் பெயர் தெரியாதவர்கள் பார்த்துக்கொள்வதற்காக அச்சடித்தது. வரிக்கு ஒன்றாக எடுத்து நிரப்பினான்.

செவ்வாய் காலை கல்லூரி உணவகத்தில் பெர்னடெட் லூசியே எதிரே வந்து உட்கார்ந்தாள். நாற்பத்தாறு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வகுப்புக்கு வந்திருந்தாள். ராய்ஸ் பேட்டி எடுத்தது இவளைத்தான். பேட்டி கொடுத்தவர் தாளைப் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆசிரியையிடம் போகும்.

சின்னப் பிரச்சினையாக ஒன்றைப் பேசுங்கள் என்றுதான் ஆசிரியை கார்லின் சொல்லியிருந்தாள். மற்றவர்கள் பக்கத்து வீட்டு நாயையும் பழுதான காரையும் பேசினார்கள். பெர்னடெட் தன் தம்பி கோர்டியைப் பேசினாள். மார்ச் மாதம் உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போனவன், பனி உடைந்து தண்ணீருக்குள் போய் இறந்துவிட்டான்.

பெர்னடெட் வரி வரியாக விரலை வைத்துப் படித்தாள்.

"கவலை. பதற்றம். திகில். சரி... ஏய், என்ன இது? அவனோட வண்டிச் சாவி சட்டைப் பையிலயே இருந்துச்சுன்னு நான் சொல்றேன். உனக்குப் பெருமிதமா வந்துச்சு?"

ராய்ஸ் காப்பியை ஒரு வாய் குடித்தான்.

அவள் பையிலிருந்து தன் சக்கரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். "இரு இரு. கவலை, பதற்றம், திகில்... யப்பா! உச்சியில ஆரம்பிச்சு கடிகார முள்ளு மாதிரி சுத்தி வந்திருக்க!"

"நில அளவைக்காரன். எல்லைய அப்படித்தான் நடப்போம்."

மேசையைத் தட்டிச் சிரித்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு அடங்கியதும் கேட்டாள்: "நெஜமா என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. நீங்க சொன்னதக் கேட்டேன், எழுதிக்கிட்டேன். அவ்வளவுதான். பொண்டாட்டி போனதுலேர்ந்து இப்படித்தான். இந்த வேலைக்கு நான் லாயக்கில்ல, பெர்னடெட். வெள்ளிக்கிழமை விலகிடப் போறேன்."

"கோர்டி கதைய எத்தன பேர்கிட்ட சொல்லியிருப்பேன் தெரியுமா? பாதிரியார், எதிர்வீடு, பஸ் டிப்போ மொத்தமும். பாதியிலயே அவங்க அழ ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம் நான்தான் அவங்க முதுகத் தட்டிக் குடுத்துக்கிட்டு நிக்கணும். முழுசா சொல்லி முடிச்சது உங்கிட்ட மட்டுந்தான்."

"நான் ஒண்ணும் செய்யலியே."

"அன்னிக்கு மீன் மாட்டுச்சான்னு கேட்டியே."

"வாயில வந்துச்சு, கேட்டேன்."

"ரெண்டு பெர்ச் மீன். வாளியில உசுரோட கெடந்துச்சு. ஆறு மாசமா ஒருத்தரும் கேக்கல." பேனாவை அவன் பக்கம் உருட்டிவிட்டாள். "பெருமிதத்துக்கெல்லாம் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அடிச்சுட்டு எழுது."

இருபத்தாறு வரிகளையும் அடித்தான். முதல் வரிக்கு நேராக 'ஒன்றுமில்லை' என்று எழுதினான். அடுத்ததற்கும் அதையே. மீன் வந்த வரியில் பேனா நின்றது. கொஞ்ச நேரம் யோசித்து, 'தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது' என்று எழுதினான். பிறகு மறுபடியும் ஒன்றுமில்லை. பெர்னடெட் கையெழுத்துப் போட்டாள்.

வகுப்பில் எல்லோரும் பாடப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்க, கார்லின் தாள்களைப் புரட்டினாள். அவளுக்கு ராய்ஸைவிட இரண்டு வயது குறைவாகத்தான் இருக்கும். அவனை மேசைக்குக் கூப்பிட்டாள். எழுந்து போகும்போதே, இந்த வேலை உனக்கு வராது என்று சொல்லிவிடுவாள் என நினைத்துக்கொண்டான்.

"இருபத்தஞ்சு ஒண்ணுமில்ல."

"ஆமா."

"அடிச்சது என்ன?"

"அது பொய்."

தாளை வெளிச்சத்தில் பிடித்து, அடிபட்ட சொற்களைப் படித்தாள். வாயைக் கையால் மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது. "மன்னிச்சுக்குங்க," என்றாள். "இங்க ஒருத்தர் நாய் குரைச்சதுக்கு 'ஆழ்ந்த கருணை'ன்னு எழுதியிருக்கார். நான் அதையும் படிக்கணும்." மூன்றாவது பத்தியில், மீன் வரிக்கு நேராக, ஒரு கோடு இழுத்தாள். "வியாழக்கிழமை உணவு வங்கியில, இலவசமா மளிகை வாங்க வர்றவங்களப் பதிவு பண்ண ஆள் வேணும். வரீங்களா?"

"இப்படியே வரலாமா?"

"இப்படியே வாங்க. எழுதிக் குடுக்கறது மட்டும் நெஜமா இருக்கட்டும்."

இடத்துக்குத் திரும்பினான். தோள்கள் இறங்கியதை உணர்ந்தான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே தூக்கிப் பிடித்திருந்திருக்கிறான். தொலைவில் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பல் ஊதியது.

"என்னவாம்?" என்றாள் பெர்னடெட் கிசுகிசுப்பாக.

"வியாழக்கிழமை உணவு வங்கி."

"நானும்தான். வண்டிய நான் எடுக்கறேன். அன்னிக்கு உன் பின்னாடி வந்தேன், சவ ஊர்வலம் மாதிரி ஓட்டுற." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். "ஐயோ, ராய்ஸ்..."

"பரவால்ல. எல்லாரும் சொல்றதுதான்." அவள் பையிலிருந்து வாசனை வந்தது. "அது என்ன?"

"வான்கோழி சாண்ட்விச். பாதி வேணுமா?"

"வேணும்," என்றான்.

வகுப்பு முடிய இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. மேசைக்கு அடியில் கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.