வென்றவர் வாசல் பக்கம்

மே 26, திங்கள்.

இன்று ஒரு சிறு பிழை விட்டேன். சிறியதுதானா என்பது நாளைக்குத் தெரியும்.

பொலிதேயாமா பகுதியில் நான் துப்புரவு செய்யும் வீடு, ஓய்வுபெற்ற அரசியலமைப்பு நீதிமன்ற நீதிபதியினுடையது. அவருடைய விறாந்தைச் சுவரில் ஒன்பது படங்கள். கழற்றித் துடைத்தபோது ஒவ்வொன்றின் பின்னாலும் ஆண்டு எழுதியிருந்தது. வாழ்க்கை வரலாற்றை ஆண்டு வரிசையில் எழுத வேண்டும் என்று மாலை வகுப்பில் போன கிழமைதான் படித்தோம். படங்களையும் அப்படியே மாட்டிவிட்டேன்.

பிறகு, சரியா என்று நடந்து பார்த்தேன். முதலில் இளம் வழக்கறிஞர். அடுத்து ஒரு கட்சிக் கொடியோடு. நாலு வருடத்தில் எதிர்க்கட்சிக் கொடியோடு. மூன்றாவது கட்சியில் அமைச்சராகி ஒரு சட்டத்தில் கையெழுத்திடுகிறார். அதற்கடுத்து கறுப்பு அங்கி. அதே சட்டத்தில் குறையில்லை என்று தீர்ப்பு வாசிக்கிறார், படத்தின் அடியில் அப்படித்தான் இருக்கிறது. வேறு யாரால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும்? ஓய்வுக்குப் பிறகு நாலாவது கட்சியின் வேட்பாளர். எல்லாப் படத்திலும் மாறாதது மீசை.

நீதிபதி கோப்பியோடு வந்து கடைசிப் படம் வரை நடந்தார். கத்தவில்லை.

“நாளை பதினொரு மணிக்கு விருதோடு வருகிறார்கள். ‘எந்தப் பக்கமும் சாயாத நீதிமான்’. பழைய வரிசையில் மாட்டு. முதலில் சுவர், பிறகு கையெழுத்து.”

கையெழுத்து என்பது என் வேலை ஒப்பந்தத்தில். நாளை மூன்று மணிக்கு அதை குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்தில் கொடுக்காவிட்டால் என் பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் தங்கும் அனுமதி, புதுப்பிக்கப்படாது. சவர்க்காரத்தின் அளவைக்கூடக் குறித்து வைக்கும் நான், பழைய வரிசையைக் குறிக்கவில்லை.

இந்த வேலையை எடுத்துத் தந்த ரதி அக்காவுக்குப் போன் செய்தேன்.

“தூசி துடைக்கச் சொன்னா சரித்திரம் எழுதுறியோடி? திண்ட சாப்பாடெல்லாம் போனிலை படம் எடுக்கிறாய், இதை எடுத்து வைச்சிருக்கலாமெல்லோ?”

“மறந்து போனன் அக்கா. இப்ப என்ன செய்யிறது?”

“சிஞ்ஞோராவைக் கேள். அங்கை அந்த மனுசிதான் அரசாங்கம்.”

நீதிபதியின் மனைவி செலஸ்ரீனா குசினியில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். கேட்டதும் சிரித்தார்.

“பழைய வரிசையா? அப்படியொன்று இல்லை, பிள்ளை. ஒவ்வொரு தேர்தலுக்கும் நான்தானே மாற்றி மாட்டுகிறேன். வென்றவர்களோடு நிற்கும் படம் வாசல் பக்கம். தோற்றவர்களோடு நிற்பது குளியலறைப் பக்கம்.”

“அங்கிப் படம், சிஞ்ஞோரா?”

“நடுவில். அது யாரோடும் பொருந்தும்.”

“இப்போது யார் வென்றது?”

“நேற்றுத்தானே வாக்குப் போட்டோம்? எண்ணி முடிய விடிந்துவிடும்.”

ஒப்பந்தம் இன்னும் நீதிபதியின் மேசையில்தான் கிடக்கிறது.

நாளை: ஆறரைக்கு வானொலியில் முடிவு கேட்பது. என் அறை இருக்கும் சீசா பகுதியில் ஏழு மணி பஸ். பத்துக்குள் படங்களை மாட்டிக் கையெழுத்து வாங்குவது. ஒவ்வொரு படத்தின் பின்னாலும் வரிசை இலக்கம் எழுதுவது, பென்சிலால்.