ஒருதரம் ஊற்றிய தண்ணீர்

சனிக்கிழமை சாயங்காலம் ஐயர் போன் பண்ணினதுலேர்ந்து புனிதாவுக்கு ஒரு இடத்துல உட்கார முடியல.

எங்க லுத்தரன் சனம் போதகரை ஐயருன்னும் தேவாலயத்தைக் கோயிலுன்னும்தான் சொல்லும். கேக்கறவங்க குழம்பினா குழம்பிட்டுப் போகட்டும், நாங்க மாத்திக்கறதா இல்ல. மறுநாள் ஞானஸ்நானம் குடுக்க இருந்த திண்டிவனம் கோயில் ஐயர் தேவநேசன் போன்ல கேட்டது ஒரே ஒரு கேள்வி. "தம்பி, பிள்ளை கொறமாசத்துல பொறந்தான்னு சொன்னீங்க. ஆஸ்பத்திரியில யாராவது அவசர ஞானஸ்நானம் குடுத்தாங்களா? குடுத்திருந்தா நான் மறுபடியும் குடுக்கக் கூடாது, அதுக்குத்தான் கேக்கறேன்." போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க ஐயரே"ன்னு பட்டுன்னு சொல்லிட்டான் தென்னரசு. அவன்தான் புள்ளையோட அப்பன், புனிதாவோட கூடப் பொறந்த தம்பி. புனிதா பக்கத்துலயே புள்ளையோட வெள்ளைக் கவுனை இஸ்திரி போட்டுக்கினு இருந்தா. வாயத் தொறந்தா. மூடிட்டா.

குடுத்தது அவதான்.

நடந்தது இதுதான். தம்பி பொண்டாட்டி கலைப்பிரியாவுக்கு விழுப்புரத்துல ஒரு ஆஸ்பத்திரியில ஆபரேசன் பண்ணிப் புள்ளைய எடுத்தாங்க. எத்தனையோ வருசம் ஏங்கிப் பொறந்த புள்ள. உள்ளங்கையில அடங்கிடும், அம்மாம் சின்னது. கண்ணாடிப் பெட்டியில வச்சு ஒயர் மாட்டிட்டாங்க. மறுநாள் மத்தியானம் டாக்டரு வெளிய வந்து, "எங்களால ஆனதைப் பண்ணிட்டோம், சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க"ன்னுட்டாரு. தென்னரசு ஏதோ ஊசி மருந்து வாங்கறதுக்குப் பாண்டிச்சேரிக்கு ஓடியிருந்தான். பெத்தவ கீழ் வார்டுல எழுந்திருக்க முடியாமக் கெடந்தா. உள்ள போய்ப் பார்க்க ஒரே ஒரு ஆளுக்குத்தான் அனுமதி. புனிதா போனா.

புள்ளையோட நெஞ்சு கோழிக்குஞ்சு மாதிரி துடிச்சுக்கினு இருந்துச்சு. பசங்க நற்கருணை வாங்கறதுக்கு முன்னால படிக்கற திடப்படுத்தல் வகுப்புல பாடம் எடுக்கறவ அவ. ஆபத்து நேரத்துல ஐயரு வேணும்னு இல்ல, விசுவாசி யாரு வேணா தண்ணி எடுத்து ஞானஸ்நானம் குடுக்கலாம்னு வருசா வருசம் சொல்லிக் குடுக்கறவ. சொல்லிக் குடுக்கறப்ப அது ஒரு பாடம். அன்னிக்கு அது பாடம் இல்ல. "சிஸ்டர், கொஞ்சம் சுத்தமான தண்ணி குடுங்க"ன்னா. நெத்தியில விபூதி வச்ச அந்த நர்சுப் பொண்ணு ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. ஊசிக்குக் கலக்கற தண்ணிக் குப்பியை ஒடச்சுக் குடுத்துட்டு, கையக் கட்டிக்கினு ஓரமா நின்னுச்சு. புனிதா விரல்ல தொட்டுத் தொட்டு மூணு தடவை நெத்தியில விட்டா. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி நாமத்துல ஞானஸ்நானம் குடுத்தா. பேரு சொல்லணுமே! புள்ளைக்கு அதுவரைக்கும் யாரும் பேரே யோசிக்கல. அவ வாயில வந்தது கிருபாகரன்.

அது அவ புள்ளையோட பேரு.

கல்யாணமான புதுசுல அவளுக்கும் புருசன் சின்னதுரைக்கும் ஒரு ஆம்பளப் புள்ள பொறந்து, ஒரே ராத்திரி இருந்துட்டுப் போயிடுச்சு. ஞானஸ்நானம் இல்ல, அதனால பேரும் இல்ல. கல்லறையில நட்ட சிலுவை மொட்டையாத்தான் நிக்குது. அதுக்கப்புறம் அவ வயித்துல ஒண்ணும் தங்கல. ஆம்பளப் புள்ள பொறந்தா கிருபாகரன்னு வைக்கணும்னு புருசனும் பொண்டாட்டியும் பேசி வச்சிருந்தது, அப்புறம் அவங்க ரெண்டு பேருக்குள்ளகூட ஒரு நாளும் பேச்சுல வரல. தண்ணி கெடைக்காமப் போனதுக்காகக் கடவுள் ஒரு புள்ளையையும் தள்ளிட மாட்டாருன்னு அப்ப இருந்த ஐயரு உட்கார வச்சு எடுத்துச் சொன்னாரு. சபை போதனையும் அதான். புனிதாவோட புத்தி அதை ஒத்துக்கிச்சு. வயிறு ஒத்துக்கல.

சரி, தம்பி புள்ள பொழைச்சுக்கிச்சு. சும்மா இல்ல, ஜோரா பொழைச்சுக்கிச்சு. இப்ப மடியில ஒரு நிமிசம் நிக்க மாட்டேங்கறான், மூக்குத்தியப் புடிச்சு இழுக்கறான். பொழைச்ச அன்னிக்கே ஐயருக்கும் பெத்தவங்களுக்கும் விசயத்தைச் சொல்லியிருக்கணும். முறை அதான். அப்படிப்பட்ட புள்ளைக்குக் கோயில்ல மறுபடியும் தண்ணி ஊத்தறது இல்ல. நடந்ததுக்குச் சபை முன்னால சாட்சி சொல்ல வச்சு, கை வச்சு ஜெபம் பண்றதோட சரி. இவ சொல்லல. எப்படிச் சொல்லுவா? உன் புள்ள செத்துடும்னு நெனச்சேன், அதனால செத்துப்போன என் புள்ள பேர வச்சேன்னு ஒரு பச்சை உடம்புக்காரிகிட்ட எந்த வாயால சொல்றது? நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளினா. தள்ளத் தள்ள அது நெஞ்சுல கல்லா உட்கார்ந்துடுச்சு.

இதுக்குள்ள தலைப்புள்ளைக்குத் தாய்வீட்டுக் கோயில்ல ஞானஸ்நானம்னு திண்டிவனத்துல ஏற்பாடு அமர்க்களப்பட்டுச்சு. கலைப்பிரியாவோட அம்மா அம்மணி கோயில் தெருமுனையில ஃபிளெக்ஸே வச்சுட்டாங்க. புள்ள கூலிங்கிளாஸ் போட்டுக்கினு சிரிக்குது, கீழ கொட்டை எழுத்துல 'ஜெய்டன்'. பைபிள்ல அந்தப் பேரு எங்க வருதுன்னு அம்மணி ஒரு வாரமாத் தேடிப் பார்த்துட்டாங்க, ஆப்புடல. ஆப்புடலன்னா என்ன, மருமவன் ஆசைப்பட்டுட்டாரே! இதுல புனிதாதான் ஞானத்தாய். அவதான் புள்ளைய ஏந்திக்கினு ஞானஸ்நானத் தொட்டி முன்னால நிக்கணும், ஐயரு பேரு கேட்டா சத்தமாச் சொல்லணும். "அண்ணி, அன்னிக்கு உள்ள போய் அவன் பக்கத்துல நின்னது நீங்கதான். நீங்கதான் ஏந்தணும்"னு கலைப்பிரியாவே கேட்டுக்கினா. கொடுமையே அதுலதான்.

ஞாயித்துக்கிழமை காலையில வேன் வச்சுக் கெளம்பினாங்க. புள்ள புனிதா மடியில. முன் சீட்டுல சின்னதுரை, டிரைவரோட பேச்சுக் குடுத்துக்கினு வந்தான். புனிதா ஜன்னலைத் தொறந்தா, மூடினா, புள்ளைய இந்தத் தோள்லேர்ந்து அந்தத் தோளுக்கு மாத்தினா. இன்னொரு தரம் ஊத்தினா என்ன குடி முழுகிடும், தண்ணிதானேன்னு ஒரு மனசு. தண்ணிதானேன்னா அன்னிக்கு நீ குடுத்தது என்னாடி, வெறும் தண்ணியான்னு இன்னொரு மனசு. அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள கடவுள் வந்தாரா இல்லையா? வந்தாருன்னா, வரவே இல்லங்கற மாதிரி இன்னிக்குத் தொட்டி முன்னால நின்னு நடிக்கணும். சொல்லிட்டா, பிரியா இனிமே இந்தப் புள்ளைய அவ கையில குடுப்பாளா? அவளுக்குன்னு தூக்கிக் கொஞ்ச இந்த உலகத்துல இருக்கறது இந்த ஒரு புள்ளதான்.

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி டீக்கு நிறுத்தினாங்க. புள்ளைய பிரியாகிட்ட குடுத்துட்டு, புனிதா தம்பியத் தனியா இழுத்துக்கினு போனா.

"தென்னரசு, ஒரு விசயம்டா."

"ஜல்தியா சொல்லுக்கா, நேரமாவுது."

"நேத்து ஐயரு போன்ல கேட்டாரு பாரு…"

அவன் போன் அடிச்சுச்சு. பிரியாணி மாஸ்டரு. ரெண்டு நிமிசம் கத்திட்டு வச்சான். "சீரகசம்பா சொன்னா பாஸ்மதியக் கொண்டாந்து எறக்கியிருக்கான்க்கா! பேஜாரு புடிச்சவன்! நீ என்னமோ சொன்னியே?"

"ஒண்ணுமில்ல, ஏறு."

வேன் கெளம்பினதும் முன் சீட்டைத் தட்டினா. "என்னங்க." சின்னதுரை திரும்பினான். "ம்?" அவன் மூஞ்சியப் பார்த்ததும் இவ பேச்சை மாத்திட்டா. "ஏசிய கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க, புள்ளைக்குக் குளுருது."

கோயில் நெறைஞ்சிருந்துச்சு. இடது பக்கம் பொம்பளைங்க, வலது பக்கம் ஆம்பளைங்க. பாட்டு பாடினாங்க, விசுவாசப் பிரமாணம் சொன்னாங்க. புனிதா உதடு மட்டும் அசைஞ்சுச்சு. ஐயரு கூப்பிட்டதும் புள்ளைய ஏந்திக்கினு போய் தொட்டி முன்னால நின்னா. ஒரு பக்கம் தென்னரசு, ஒரு பக்கம் கலைப்பிரியா. ஐயரு தொட்டி மூடியத் தொறந்து வச்சாரு.

"பிள்ளையின் பேரைச் சொல்லுங்கள்."

அம்மணி முன் வரிசையில போனை நீட்டி வீடியோ எடுத்துக்கினு இருந்தாங்க. புனிதா புள்ளையப் பார்த்தா. அது அவ மூக்குத்தியத்தான் பார்த்துக்கினு இருந்துச்சு.

"ஐயரே, இவனுக்குப் பேரு ஏற்கெனவே வச்சாச்சு."

ஐயரு கொஞ்சம் குனிஞ்சாரு. "என்னம்மா?"

"ஆஸ்பத்திரியிலயே ஞானஸ்நானம் குடுத்தாச்சுங்க. நான்தான் குடுத்தேன். நேத்தே சொல்லியிருக்கணும், சொல்லல. மறுபடியும் ஊத்திடாதீங்க."

"அய்யோ, என்னாடி சொல்றா இவ!" அம்மணி குரல் கூரைக்குப் போச்சு. ஐயரு கையக் காட்டி அமத்தினாரு. புனிதா பக்கம் திரும்பி, தண்ணிதானா, பிதா குமாரன் பரிசுத்த ஆவின்னு திரியேக நாமத்துலதானா, பார்த்தவங்க யாருன்னு நிதானமாக் கேட்டாரு.

"தண்ணிதாங்க. திரியேக நாமத்துலதான், மூணு தடவை. ஒரு நர்சு இருந்தாங்க. அவங்க நம்ம மதம் இல்லைங்க."

"பரவாயில்ல, பார்த்தாங்க இல்ல." ஐயரு தொட்டிய மூடிட்டாரு. "ஒரு ஆளுக்கு ஒரே ஞானஸ்நானம்தான். அது முடிஞ்சிருக்கு. இதுக்கு மேல ஊத்த எனக்கு அதிகாரம் இல்ல. என்ன பேர்ல குடுத்தீங்க?"

புனிதா பேரைச் சொல்ல வாயெடுத்தா. அதுக்குள்ள கலைப்பிரியா புள்ளைய அவ கையிலேர்ந்து வாங்கிட்டா. வாங்கினான்னு சொல்றது மரியாதைக்கு, புடுங்கினா.

"அப்ப என் புள்ள செத்துடுவான்னு நெனச்சீங்களா அண்ணி?"

புனிதா மழுப்பல. "ஆமாம்மா. நெனச்சேன். டாக்டரு கைய விரிச்சுட்டாரு."

"அதை நான் கேக்கல. டாக்டரு சொன்னது எனக்கும் அப்புறம் தெரிஞ்சுச்சு. ஒரு மாடி கீழதானே கெடந்தேன்? என்னை ஏன் கூப்பிடல?"

இதை புனிதா எதிர்பார்க்கல. எத்தனையோ மாசமா என்னென்னமோ திட்டு வாங்கற மாதிரி மனசுக்குள்ள ஒத்திகை பார்த்தாளே, இந்தக் கேள்வி மட்டும் அதுல இல்ல.

"நீ தாங்க மாட்டேன்னு நெனச்சேன் பிரியா."

"தாங்கறதும் தாங்காததும் என் வேலை. என் புள்ளைக்குக் கடைசி நேரம்னா அந்த நேரம் எனக்கு வேணும். அதை நீங்களே எடுத்துக்கினீங்க." அவளுக்குக் குரல் உடைஞ்சுச்சு. "என்ன பேரு வச்சீங்க? அதையாவது சொல்லுங்க."

புனிதா ஆம்பளைங்க பக்கம் பார்க்கல. பார்த்தா சொல்ல முடியாது. "கிருபாகரன். எங்க புள்ளைக்கு வைக்கணும்னு இருந்த பேரு. வேற எதுவும் வாயில வரல."

ஆம்பளைங்க பக்கத்துல ஒரு பெஞ்சு கிறீச்சுன்னுச்சு. சின்னதுரை எழுந்து நின்னுட்டான். எதுக்கு எழுந்தோம்னு அவனுக்கே தெரியல, ரெண்டு கையையும் என்ன பண்றதுன்னும் தெரியல. தென்னரசு அக்காவையும் மாமனையும் மாறி மாறிப் பார்த்தான். "போன புள்ள பேரையா வாழற புள்ளைக்கு வச்சா?"ன்னு அம்மணி பக்கத்துல இருக்கறவங்ககிட்ட சொன்னது அத்தனை பேருக்கும் கேட்டுச்சு.

கலைப்பிரியாவுக்கும் கேட்டுச்சு. அவ அம்மா பக்கம் திரும்பல. புனிதாவோட மூஞ்சியவே பார்த்துக்கினு இருந்தா.

"உங்க புள்ளைக்கு அன்னிக்கு யாரும் குடுக்கலயா அண்ணி?"

"இல்லம்மா."

"நீங்கதான் இதெல்லாம் சொல்லிக் குடுக்கறவங்களாச்சே. ஏன் குடுக்கல?"

புனிதா வாயப் பொத்திக்கினா. விரலுக்கு நடுவுலதான் வார்த்தை வந்துச்சு.

"ஐயர் வந்துடுவாருன்னு காத்துக்கினு இருந்தோம்."

ஐயரு தலையக் குனிஞ்சுக்கினாரு. அவரு அந்த ஐயரு இல்ல, ஆனாலும் குனிஞ்சுக்கினாரு.

கலைப்பிரியா ரெண்டு அடி கிட்ட வந்தா. கோவம் போயிடுச்சுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன், அவ மூக்கு நுனி இன்னும் செவந்துதான் இருந்துச்சு. புள்ளைய புனிதாவோட நெஞ்சுல கொண்டாந்து வச்சு, அழுத்தினா.

"புடிங்க. இன்னொரு தடவை இவனுக்கு ஒண்ணுன்னா என்னைக் கூப்பிடணும். நான் தவழ்ந்தாவது வருவேன். சத்தியமா அண்ணி, கூப்பிடணும்."

"கூப்பிடறேன்மா."

"ஐயரே," கலைப்பிரியா திரும்பினா. "அண்ணி வச்ச பேரு முன்னால இருக்கட்டும். ஜெய்டன் பின்னால வரட்டும்." தென்னரசு வாயத் தொறந்தான். அவ பார்த்த பார்வையில மூடிக்கினான்.

ஐயரு புள்ளையோட தலையில கை வச்சாரு. சபை எழுந்து நின்னுச்சு. "கிருபாகரன் ஜெய்டன், ஆபத்தில் ஒரு விசுவாசியின் கையால் நீ பெற்ற ஞானஸ்நானத்தை இந்தச் சபை ஒப்புக்கொள்கிறது"ன்னு ஆரம்பிச்சாரு. அதுக்கு மேல அவரு சொன்னது புனிதாவுக்குக் கேக்கல. வலது பக்கத்துல ஒரு ஆம்பள, வெக்கம் மானம் பார்க்காம, வாய்விட்டு அழுதுக்கினு இருந்தான். அது சின்னதுரை. தன் புள்ளையப் பொதைச்ச அன்னிக்கு அவன் அழல.