இருசப்பன் பெயர் இல்லாத பட்டியல்

போதகர் வேதமாணிக்கத்துக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. முப்பத்தெட்டு ஆண்டுகள் எஸ்டேட் மிஷன் பள்ளியில் ஆசிரியர். ஞாயிறுதோறும் அதே கட்டடத்தில் போதகர். சுற்றியிருந்த நாலு எஸ்டேட்டுக்கும் சைக்கிளில் போய் வந்தார். ஆற்றுத் தண்ணீர் தொழிலாளர் லயத்து வீடுகளுக்குள் ஏறிய வருடம் தன் வீட்டில் இருந்த அரிசி முழுவதையும் கஞ்சியாகக் காய்ச்சி ஊற்றினார். அவர் ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளைகள் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். வரும் ஞாயிறு சபையார் அவருக்குப் பாராட்டு விழா வைத்திருந்தார்கள். புக்கிட் ரோத்தான் சாலையோரம் அவர் படம் போட்ட பதாகையும் கட்டியாகிவிட்டது.

அந்தப் பதாகையைப் பார்த்துத்தான், சார் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்பதே இருசப்பனுக்குத் தெரிந்தது.

இருசப்பனுக்கு அறுபத்திரண்டு வயது. கையில் சிவப்பு அடையாள அட்டை. எழுபத்து மூன்றாம் ஆண்டில் அதிகாரிகள் எஸ்டேட்டுக்கே வந்து, பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளைப் பதிவு செய்தார்கள். ஆசிரியர் வேதமாணிக்கம் எழுதிக் கொடுத்த பட்டியலை வைத்துத்தான் பெயர் கூப்பிட்டார்கள். நாற்பத்தொரு பெயர்கள். அவர்களுக்கெல்லாம் பிறகு குடிமக்களுக்கான நீல அட்டை கிடைத்தது. இருசப்பன் பெயர் பட்டியலில் இல்லை. பிறந்த மண்ணிலேயே அவன் தங்கிக்கொள்ள அனுமதி பெற்றவன் ஆனான். போலீஸில் சேர முடியவில்லை. ஒரு தேர்தலிலும் ஓட்டுப் போட்டதில்லை. மூன்று முறை குடியுரிமைக்கு விண்ணப்பித்தான். மூன்றும் திரும்பி வந்தன. நாலாவது முறைக்கு வரும் செவ்வாய் நேர்முகம். பட்டியலை எழுதியவரே சத்தியம் செய்து கொடுத்தால் இந்த முறை கிடைக்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

இருசப்பன் வீடு தேடிப் போய்க் கேட்டதும், போதகர் மறுப்புச் சொல்லாமல் காரில் ஏறிக்கொண்டார். இருசப்பன் அவருக்குப் பெல்ட் மாட்டிவிட்டான். மகள் விஷாலினி காரை ஓட்டினாள். "எங்க சார்மா. இவரு இல்லாட்டி எனக்கு என் பேரு எழுதக்கூடத் தெரிஞ்சிருக்காது," என்று வழியெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டே வந்தான். போதகர் ஜன்னல் பக்கமே பார்த்திருந்தார்.

தஞ்சோங் காராங்கில் சத்தியக் கடிதங்களுக்கு முத்திரை போடும் அலுவலகம் கார்த்திகேசுவுடையது. அவரும் அந்தப் பள்ளி மாணவர்தான். இருசப்பனோடு ஒரே வகுப்பு. ஓடி வந்து போதகரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"சார் கையால அடி வாங்காட்டி நான் இந்த நாற்காலியில உக்காந்திருப்பனா? டேய் இருசா, நீயும் நல்லா வாங்கிருக்கணும், தப்பிச்சிட்ட!"

"எனக்கு உன்ன மாதிரி அதிர்ஷ்டம் இல்ல லா," என்று இருசப்பன் சிரித்தான்.

கார்த்திகேசு தட்டச்சு செய்தார். எஸ்டேட்டில் பிறந்தது, தாய் வேலம்மா, பள்ளியில் படித்தது எல்லாம் வந்தது. பிறகு கை நின்றது.

"பட்டியல்ல ஏன் பேரு இல்லன்னு நேர்முகத்துல கேப்பான். பதிவேட்டக் கரையான் தின்னுருச்சுன்னு போட்டுருவமா சார்? யாருக்கும் கெட்ட பேரு வராது."

"போன தடவ அதான் அங்கிள் போட்டோம். ரிஜெக்ட் பண்ணிட்டாங்க," என்றாள் விஷாலினி.

"நான்தான் ஸ்கூல விட்டு நின்னுட்டனே. அதுல விட்டுப்போச்சு," என்றான் இருசப்பன். போதகரின் கழுத்தில் வியர்வை வழிவதைப் பார்த்து, தன் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டான்.

போதகர் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"விட்டுப்போகல. நான் எழுதல."

கார்த்திகேசு விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"உங்கம்மா மூணு சாயங்காலம் வந்து என் வீட்டு வாசல்ல நின்னாங்க. அவங்ககிட்ட, உன் மகன் சபை முன்னால முட்டி போட்டு மன்னிப்புக் கேக்கட்டும், எழுதறேன்னேன். நீ வரல. பதிவு பண்ண வந்த அதிகாரி, வேற பிள்ளைங்க யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டாரு. நீ வேலிக்கு அந்தப் பக்கம் நின்னுகிட்டிருந்த. இல்லன்னு சொன்னேன்."

"முட்டி போடற அளவுக்கு எங்கப்பா என்ன செஞ்சாரு?" விஷாலினி போதகர் பக்கம் திரும்பினாள்.

"ஜெபத்துல சிரிச்சான்மா."

இருசப்பன் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தான்.

"நான் சிரிக்கல சார். அன்னிக்கே சொன்னேன். கொட்டாவி விட்டேன். நீங்க கண்ணத் தொறந்தப்ப என் வாய் தொறந்திருந்துச்சு. சிரிச்சது வேற ஆளு."

"யாரு?"

கார்த்திகேசு கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்தவர் அவர்தான். அது இருசப்பனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஐம்பத்தோரு ஆண்டுகளில் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. முத்திரைக் கட்டை அவர் கைக்குப் பக்கத்தில் இருந்தது. இருசப்பன் அதைப் பார்த்தான்.

"மொதல்ல முத்திரை போடட்டும் சார்."

கார்த்திகேசு மறுபடி தட்டினார். இந்தப் பிள்ளை எஸ்டேட்டில் பிறந்ததை அறிந்திருந்தும், செய்யாத குற்றத்துக்குத் தண்டனையாக, வேண்டுமென்றே பெயரை எழுதவில்லை என்று மலாய் மொழியில் எழுதி, வரி வரியாக வாசித்தார். "உண்மைதானா சார்?" என்று சட்டப்படி கேட்டார்.

"உண்மை," என்றார் போதகர். கையெழுத்துப் போட வெகுநேரம் ஆனது. முதல் முத்திரை மங்கலாக விழுந்தது. கார்த்திகேசு இன்னொரு முறை அழுத்தினார்.

இருசப்பன் தாளை எடுத்து, மை காயும்வரை ஊதி, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தான்.

"இப்ப சொல்லுப்பா. யாரு சிரிச்சா?"

"யாரா இருந்தா என்ன சார்? சின்னப் பிள்ள சிரிக்கிறது ஒரு குத்தமா?"

கார்த்திகேசு தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை ஆண்டு மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கித்த போதகர், இப்போது அதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

"என்ன மன்னிச்சிருப்பா."

"எங்கம்மாகிட்ட கேட்டிருக்கணும் சார். உங்க வாசல்ல நின்னுட்டு வந்து, வெறகுக் கட்டையால என்ன அடிக்கும். போய் முட்டி போடுடான்னு அழுதுகிட்டே அடிக்கும். அது செத்து முப்பது வருசம் ஆச்சு. எனக்கு மனசு வரல சார். பொய் சொல்ல மாட்டேன்."

விஷாலினி சாவியை எடுத்தாள். "அப்பா, இவருக்குக் கிராப் டாக்சி போட்டு அனுப்பிடலாம். என் கார்ல ஏத்த மாட்டேன்."

"அப்படிச் சொல்லாத. வீட்லருந்து நாமதான கூட்டியாந்தோம். நாமளே கொண்டுபோய் விடணும்."

அவள் காரைக் கொண்டுவரப் போனாள். போதகர் எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. கையை நீட்டினார். இருசப்பன் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பிடித்துத் தூக்கினான்.