வாசலில் ஒரு கவுண்ட்டர்

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். கவுண்ட்டரில் நின்ற கால் மட்டும் சும்மா இருக்குமா, சொல்லுங்கள் கண்ணுகளா? பெரிய ஹோட்டலில் வரவேற்பு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மனிதர், தன் வீட்டு வாசற்கதவை ஒட்டி ஒரு மேசையைப் போட்டு, அதன்மேல் தட்டுகிற மணி ஒன்றையும் வைத்துவிட்டார். யார் வந்தாலும் முதலில் அங்கே 'செக்-இன்'. அப்புறம்தான் உட்காரலாம்.

ஒரு கிண்ணம் சர்க்கரை கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரியைக்கூட அவர் விடவில்லை.

"அதான் வந்துட்டேனே அண்ணே, அப்புறம் என்ன செக்-இன்னு?"

"வர்றது வேற, செக்-இன் வேற. பஸ்ஸுல தூங்கிக்கிட்டேகூட வந்து சேரலாம். வந்துட்டேன்னு பேரைச் சொல்லி, எப்பப் போவேன்னும் சொன்னாத்தான் அது செக்-இன்."

"சர்க்கரையைக் கொடுத்தா இப்பவே போயிடுவேன்."

"ஆங், இப்ப சரி. சௌகரியமா தங்குங்க."

"சம்பளம் நின்னுச்சு, சலாம் நிக்கல" என்று அடுப்படியிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

கல்யாணமாகிப் போன ஒரே மகள் வந்தாலும் இதே நாடகம்தான். "எத்தனை நாள் தங்கறீங்க மேடம்?" என்பார். "ரெண்டு நாள் சார், ஜன்னல் ஓரமா ரூம் வேணும்" என்று அவளும் ஈடுகொடுப்பாள்.

ஒருநாள் மத்தியானம் அவள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். கையில் ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி. மனிதர் குஷியாக மணியைத் தட்டினார்.

"வாங்க மேடம். எத்தனை நாள் தங்கறீங்க?"

அவள் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "தெரியலப்பா."

கூடத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அவருடைய அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "அதெப்படி தெரியாம இருக்கும்? மாப்பிள்ளை எப்ப வந்து கூட்டிட்டுப் போறாரு?"

"அவர் வரமாட்டார் அத்தை. நானும் போகமாட்டேன்." பிறகு அப்பாவிடம் மெதுவாகக் கேட்டாள்: "இங்க இருக்கலாமாப்பா?"

 

அக்கா விடவில்லை. "என்னடா பேசாம நிக்கிற? நாலு பேர் கேட்டா என்ன பதில்? எப்பப் போவேன்னு சொன்னாத்தானே உன் செக்-இன்னு? கேளுடா."

"அக்கா, எங்க ஹோட்டல் முதலாளி என்னைக்காவது கவுண்ட்டர்ல வந்து செக்-இன் பண்ணி நீ பார்த்திருக்கியா?"

"அவர் எதுக்குடா பண்றாரு? அவர் இடம் அது."

"அவ்வளவுதான்" என்றார் அவர்.

வரவேற்பில் நிற்கிறவர்கள் பெட்டியைத் தொடுவது கௌரவக் குறைச்சல் கண்ணுகளா, அதற்கு வேறு ஆள் உண்டு. அன்று மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, பெட்டியின் பிடியை அவரே பற்றினார். தூக்கினால் வரவில்லை.

"பார்த்து, இடுப்பு" என்றாள் மனைவி, இன்னொரு பக்கம் கைகொடுத்துக்கொண்டே.

"என்னம்மா, இந்தக் கனம் கனக்குது?"

"எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துட்டேன்ப்பா."

"நல்லதாப் போச்சு. மறுபடி அந்த வீட்டுப் படி ஏறவேண்டியதில்ல" என்று மூச்சு வாங்கிக்கொண்டே இழுத்தார்.